ஆபரேஷனுக்கு அப்புறம் ஒரு டம்ளர் ஜூஸ்

கேள்வி: மேடம், எனக்கு வயது 43. மேலூர் பக்கத்தில் ஒரு கிராமம். உடல் எடை குறைய, போன வருஷம் தை மாசம் பைபாஸ் ஆபரேஷன் செய்துகொண்டேன். 112 கிலோ இருந்தவள் 76-க்கு வந்தேன். சுகர் மாத்திரையையும் டாக்டர் நிறுத்திவிட்டார். ஆனால் கடந்த மூன்று மாசத்தில் மூன்று கிலோ ஏறிவிட்டது. சாப்பாடு கொஞ்சம்தான்: காலையில் ஒரு இட்லி, மத்தியானம் ஒரு கரண்டி சோறு, ராத்திரி ஒரு தோசை. மற்றபடி காலையில் நாத்தனார் மகள் சொல்லிக்கொடுத்த பச்சை ஸ்மூத்தி (பச்சையாகப் பசலைக்கீரை, ஆப்பிள், வாழைப்பழம், நாலு பேரீச்சை, தேன்), சாயங்காலம் வீட்டுக்காரர் பஸ் ஸ்டாண்டு கடையில் வாங்கி வரும் மாதுளை ஜூஸ். சித்திரைத் திருவிழாவுக்கு அழகரைப் பார்க்க வந்தபோது, வெறும் வயிற்றில் இரண்டு டம்ளர் பானகம் குடித்தேன். ஒன்றரை மணி நேரம் கழித்துக் கை நடுங்கி, வேர்த்துக் கொட்டி, கண் இருட்டிக்கொண்டு வந்தது. வெயில்தான் காரணம் என்றார்கள். அதற்குப் பிறகு வீட்டிலும் இரண்டு தடவை அப்படி வந்துவிட்டது, இரண்டு தடவையும் ஜூஸ் குடித்த பிறகு. பழச்சாறு உடம்புக்கு நல்லதுதானே? எதை விடுவது, எதைக் குடிப்பது? கடைசியாக ஒன்று, சிரிக்காதீர்கள்: ஜிகர்தண்டா இனிமேல் எனக்கு வாழ்நாளுக்கும் கிடையாதா?
பெயர் வேண்டாம்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்த நடுக்கத்தைப் பேசிவிடுவோம். ஜூஸ், ஸ்மூத்தி எல்லாம் அப்புறம்.

சித்திரை வெயிலில் ஆற்றங்கரைக் கூட்டத்தில் நின்றால் யாருக்கும் கண் இருட்டத்தான் செய்யும். வெயில் என்று சொன்னவர்கள் மேல் தப்பில்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் நான் கோடு போட்ட இடம் 'ஒன்றரை மணி நேரம் கழித்து' என்பது. வீட்டில் நிழலில் இருந்தபோதும் வந்திருக்கிறது, அதுவும் ஜூஸுக்குப் பிறகு. பைபாஸ் செய்தவர்களிடம் இதை 'டம்பிங்' என்போம். அதில் இரண்டு வகை உண்டு. முந்தி வருவது, குடித்த பத்து நிமிஷத்தில் தொடங்கி அரை மணிக்குள் வயிற்றை முறுக்கும், நெஞ்சு படபடக்கும், கழிப்பறைக்கு ஓட வைக்கும். பிந்தி வருவது ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் வரும். அப்போது ரத்தத்தில் சர்க்கரை கீழே இறங்கியிருக்கும். நீங்கள் எழுதியிருப்பது இந்த இரண்டாவது மாதிரிதான் தெரிகிறது.

மேலூர்க்காரருக்கு இதைக் கண்மாயை வைத்தே சொல்லிவிடலாம். ஆபரேஷனுக்கு முன்னால் உங்கள் வயிறு ஒரு கண்மாய். சாப்பிட்டது, குடித்தது எல்லாம் முதலில் அங்கே தேங்கும். கீழே ஒரு மடை. அது கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து, சிறுகுடல் என்ற வயலுக்கு அளந்து விடும். பைபாஸில் வயிற்றின் மேல்பக்கம் முட்டை அளவுக்கு ஒரு சின்னப் பையைப் பிரித்து, அதை நேராகச் சிறுகுடலோடு சேர்த்துத் தைத்துவிடுகிறார்கள். கண்மாயும் மடையும் உள்ளேதான் இருக்கின்றன, ஆனால் சாப்பாடு அந்தப் பக்கம் போவதில்லை. அவித்த முட்டை, மீன் போல கெட்டியான சாப்பாடு என்றால் அந்தச் சின்னப் பையில் சற்றுத் தங்கித்தான் இறங்கும். பானகமும் ஜூஸும் தங்காது, மடை இல்லாத வாய்க்காலில் வந்த வெள்ளம் மாதிரி மொத்தமாகப் பாய்ந்துவிடும். அத்தனை சர்க்கரையும் ஒரே மூச்சில் ரத்தத்தில் ஏற, உடம்பு மிரண்டுபோய் இன்சுலினை அளவுக்கு மீறிச் சுரக்கும். சர்க்கரை ஏறின வேகத்திலேயே இறங்கிவிடும், இன்சுலின் மட்டும் மிச்சம் நிற்கும். நடுக்கம், வேர்வை, கண் இருட்டு, கூடவே ஒரு பேய்ப்பசி. அந்தப் பசியில் மறுபடியும் இனிப்பாக எதையாவது குடித்தால், இன்னும் இரண்டு மணி நேரத்தில் இதே கூத்து திரும்ப நடக்கும்.

உங்களிடம் பழைய சுகர் மெஷின் இருக்கும். தூசி தட்டி, புது ஸ்ட்ரிப் வாங்கி வையுங்கள். அடுத்த தடவை நடுங்கினால் உட்கார்ந்து ஒரு குத்து குத்திப் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று சின்ன ஸ்பூன் சீனியைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். கால் மணி நேரம் கழித்து மறுபடியும் பாருங்கள். சரியானதும் ஒரு அவித்த முட்டையோ கைப்பிடிச் சுண்டலோ கட்டாயம் சாப்பிட வேண்டும். இந்தக் கடைசி வேலையைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். தனியாகச் சீனியோடு நிறுத்தினால் அடுத்த சுற்றுக்கு நீங்களே வழி திறந்து விடுகிறீர்கள். மெஷின் கையில் இல்லை, நடுக்கம் மட்டும் இருக்கிறது என்றாலும் இதையே செய்யுங்கள். நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, 108-ஐக் கூப்பிட வேண்டும் என்று வீட்டில் எல்லாரிடமும் சொல்லி வையுங்கள். நடுக்கம் வந்த அன்றைக்கு ஸ்கூட்டி வேண்டாம்.

மூன்று தடவை வந்துவிட்டதால், ஆபரேஷன் செய்த டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும். சாப்பாட்டை மாற்றினாலே பெரும்பாலானவர்களுக்கு அடங்கிவிடும். அடங்காதவர்களுக்கு மருந்து உண்டு. ஒரு வாரத்துக்கு என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு, எப்போது நடுங்கியது, மெஷினில் என்ன காட்டியது என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு போங்கள். இன்னொன்று: எந்த லேபிலாவது குளுக்கோஸ் தண்ணீரைக் குடிக்கவைத்து ரத்தம் எடுக்கும் பரிசோதனைக்கு உட்காரச் சொன்னால், 'எனக்கு பைபாஸ் ஆகியிருக்கிறது' என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அந்தக் குளுக்கோஸே உங்களைக் கீழே தள்ளிவிடும்.

சரி, ஜூஸுக்கு வருவோம்.

உங்களுக்குப் பதில் எழுத வேண்டும் என்பதற்காகவே, போன வாரம் ஒரு ஜூஸ் கடை முன்னால் கால் மணி நேரம் நின்றேன். கடைத் தம்பி மாதுளையை இரண்டாக வெட்டி, முதுகில் கரண்டியால் தட்டி, முத்தை ஜாரில் உதிர்த்தார். இரண்டு பழம். மேலே ஒரு குழிக்கரண்டி சீனிப்பாகு, ஐஸ், கொஞ்சம் தண்ணீர். மிக்ஸி நின்றதும் வடிகட்டியில் கவிழ்த்து, கரண்டியால் அழுத்திப் பிழிந்தார். சிவப்பாக ஒரு டம்ளர் நிறைந்தது. சக்கை வாளிக்குப் போனது. "எனக்குச் சீனி இல்லாம போடுங்க தம்பி" என்றேன். "சீனி இல்லாட்டி இறங்காதுக்கா" என்றார். இறங்குவதுதானே தம்பி பிரச்சினை என்று சொல்ல வாய் வரை வந்தது.

பாகே ஊற்றாவிட்டாலும், 200 மில்லி மாதுளைச் சாற்றில் சர்க்கரை 25 கிராம் அளவுக்கு இருக்கும். அதாவது ஐந்து ஸ்பூன். திராட்சை இதைவிடக் கூட, சாத்துக்குடி கொஞ்சம் குறைவு, கரும்புச்சாறு சொல்லவே வேண்டாம். புரதம் எவ்வளவு என்று பார்த்தால் ஒரு கிராம் தேறினால் அதிகம். உங்களுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும். நீங்கள் எழுதிய இட்லி, சோறு, தோசை எல்லாவற்றையும் கூட்டினால் பத்து, பதினைந்து கிராம் வரலாம். உங்கள் கடிதத்தில் முட்டை இல்லை, மீன் இல்லை, பருப்பு, பயறு, தயிர் என்று ஒரு சொல்கூட இல்லை. அவற்றை எழுத மறந்தீர்களா, சாப்பிடவே மறந்தீர்களா? தலைமுடி கொட்டுகிறதா, படி ஏறினால் கால் ஓய்கிறதா என்று நேரில் வந்திருந்தால் முதலில் கேட்டிருப்பேன்.

எடை ஏறினதற்கும் இங்கேதான் விடை இருக்கிறது. ஆப்பிள், வாழைப்பழம், நாலு பேரீச்சை, தேன் போட்ட அந்த ஸ்மூத்தி 300 கலோரியைத் தாண்டும். சாயங்கால மாதுளை, பாகோடு சேர்த்து, இன்னொரு 150-க்கு மேல். ஒரு கிலோ கொழுப்பு சேர ஏறத்தாழ 7,700 கலோரி மிச்சமாக வேண்டும். தினம் 250 கலோரி மிஞ்சினால் மூன்று மாசத்தில் மூன்று கிலோ. உங்கள் கணக்கு கச்சிதமாக ஒத்துவருகிறது. 'ஒரு கரண்டி சோறுதானே சாப்பிடுகிறேன்' என்று நீங்கள் சொல்வது பொய்யில்லை. குடிப்பதை நீங்கள் சாப்பாட்டுக் கணக்கில் சேர்க்கவில்லை, அவ்வளவுதான். வயிறும் சேர்க்காது. அந்த மாதுளையை முத்தாக மென்று சாப்பிட்டிருந்தால் பாதிப் பழத்தில் போதும் என்றிருப்பீர்கள். சாறாக இரண்டு பழம் இரண்டு நிமிஷத்தில் போய்விடுகிறது.

நம்மூரில் ஆஸ்பத்திரியில் யாரையாவது பார்க்கப் போனால் கையில் என்ன எடுத்துப் போவோம்? ஒரு பை சாத்துக்குடி, ஆரஞ்சு, ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில். என் அப்பா ஆபரேஷன் முடிந்து படுத்திருந்தபோது, உணவியல் படித்த நானே ஒரு டஜன் சாத்துக்குடியோடுதான் போய் நின்றேன். மெலிந்தவருக்குப் பழச்சாறு கொடுத்தால் தெம்பு என்பது நமக்குள் அவ்வளவு ஊறிப்போன விஷயம். உங்கள் வீட்டுக்காரரும் அந்த அக்கறையில்தான் தினமும் வாங்கி வருகிறார். அதை 'வேண்டாம்' என்று தள்ளினால் மனசு நோகும். பழத்தை முழுசாக வாங்கி வரச் சொல்லுங்கள். சாயங்காலம் உட்கார்ந்து மாதுளையை உரித்துக் கொடுக்கட்டும், முதலில் நீங்கள் ஒரு முட்டையோ சுண்டலோ சாப்பிட்டுவிட்டு அப்புறம் கால் கிண்ணம் முத்தை மென்று சாப்பிடுங்கள். புரதம் முந்தி, பழம் பிந்தி. கொய்யா, பப்பாளி, நாவல் எதற்கும் இதே வரிசைதான்.

பச்சை ஸ்மூத்தியை நாளையிலிருந்தே நிறுத்திவிடுங்கள் என்று கொஞ்சம் கறாராகச் சொல்கிறேன். சர்க்கரைக்காக மட்டும் சொல்லவில்லை. பசலைக்கீரையில் ஆக்சலேட் என்ற உப்பு அதிகம். சாதாரணமாக அதைச் சுண்ணாம்புச் சத்து குடலிலேயே பிடித்து வெளியே அனுப்பிவிடும். பைபாஸுக்குப் பிறகு செரிக்காத கொழுப்பு போய் அந்தச் சுண்ணாம்பைப் பிடித்துக்கொள்ளும். ஆக்சலேட் தடையில்லாமல் ரத்தத்துக்குப் போய், சிறுநீரகத்தில் கல்லாக உட்காரும். மதுரை வெயிலில் தண்ணீரும் குறைவாகக் குடித்தால் கேட்கவே வேண்டாம். கீரையை விட வேண்டியதில்லை. வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டுப் பருப்போடு கடைந்து, தயிரோடு சாப்பிடலாம். தினம் ஒரே கீரையாக இல்லாமல் மாற்றிக்கொள்ளுங்கள்.

காலை நடைக்காரர்களுக்காகப் பூங்கா வாசலில் விற்கும் அருகம்புல், சுரைக்காய்ச் சாறுகளைப் பற்றியும் இதே மூச்சில் சொல்லிவிடுகிறேன். உங்கள் வயிற்றில் இருக்கும் இடத்துக்கு அவை வாடகை கொடுப்பதில்லை. கசக்கும் சுரைக்காயின் சாறு ரத்த வாந்தி வரை கொண்டுபோய் விடக்கூடியது. துளி கசந்தாலும் துப்பிவிட வேண்டும். கடை ஐஸும் அப்படித்தான், எந்தத் தண்ணீரில் உறையவைத்தது என்று தெரியாது. உங்கள் சின்னப் பையில் அமிலம் குறைவு, கிருமியைத் தடுக்கும் சக்தியும் அதனால் குறைவு.

தேன், நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி போட்டால் பரவாயில்லையா என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள். குடலுக்கு எல்லாம் சர்க்கரைதான்.

அப்போ எதைத்தான் குடிப்பது? ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டருக்குக் குறையாமல் நீர் உள்ளே போக வேண்டும், கோடையில் இரண்டு லிட்டர். ஒரே மடக்கில் குடிக்காமல், பக்கத்தில் ஒரு சொம்பு வைத்துக்கொண்டு நாள் முழுக்கச் சப்பிச் சப்பிக் குடிக்க வேண்டும். சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது, சாப்பிட்டு அரை மணி நேரம் போகட்டும். அந்தக் கணக்குக்கு நீர்மோர் மாதிரி ஒரு துணை கிடையாது. திருவிழாப் பந்தலில் பானகத்துக்கு அடுத்த அண்டாவில் அதுதான் இருந்திருக்கும். உப்பு போட்ட எலுமிச்சைத் தண்ணீர், ரசத்தின் தெளிவு, எண்ணெய் மிதக்காத ஆட்டுக்கால் சூப் எல்லாம் சரி. இளநீரில் சர்க்கரை பழச்சாற்றைவிடக் குறைவு. அரை இளநீரை மெதுவாகக் குடிக்கலாம், சிறுநீரகத்தில் கோளாறு இருந்தால் மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். பன்னீர் சோடா, கோலி சோடா போன்ற வாயு அடைத்த எதுவும் வேண்டாம். பருத்திப்பால், வெல்லத்துக்காகவே, இரண்டு வாயோடு.

ஒரே ஒரு சாற்றுக்கு நானே சிபாரிசு செய்கிறேன். ஒரு நெல்லிக்காயை அரைத்துப் பிழிந்து, தண்ணீரும் உப்பும் சேர்த்துக் கால் டம்ளர். இதை டாக்டர் எழுதிக்கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையோடு குடித்தால் மாத்திரை நன்றாக உடம்பில் சேரும். அந்த நேரத்தில் டீ கூடாது, கால்சியம் மாத்திரைக்கும் இதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். மாத்திரைகளைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. இரும்பு, கால்சியம், டி, பி12, மல்டிவிட்டமின் எல்லாம் ஆயுசுக்கும். பழச்சாறு குடிப்பதால் விட்டமின் மாத்திரையை நிறுத்தினேன் என்று சொன்னவர்களைப் பார்த்திருக்கிறேன். எந்தப் பழத்திலும் பி12 கிடையாது.

மிக்ஸியை அலமாரியில் பூட்ட வேண்டாம். ஸ்மூத்தி குடிப்பதானால் அது ஒரு வேளைச் சாப்பாடாக இருக்கட்டும். கெட்டித் தயிர் 150 கிராம், கொழுப்பு நீக்கிய பால் பவுடர் இரண்டு மேசைக்கரண்டி, பொட்டுக்கடலையைப் பொடித்த மாவு ஒரு மேசைக்கரண்டி, பப்பாளி நாலு துண்டு, ஒரு சிட்டிகை சுக்குப்பொடி. கரண்டி நிற்கிற பதத்துக்கு அடியுங்கள், வடிகட்டாதீர்கள். இதில் 15 கிராம் பக்கம் புரதம் இருக்கிறது. பால் பவுடர் சிலருக்கு வயிற்றை உப்ப வைக்கும், அதனால் முதல் தடவை அரைக் கரண்டியில் தொடங்கிப் பாருங்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் பால் சர்க்கரை நீக்கிய புரதப் பவுடர் கடையில் கிடைக்கிறது. சின்ன ஸ்பூனால் அரை மணி நேரம் எடுத்துச் சாப்பிடுங்கள். நான் இதை 'குடியுங்கள்' என்று எழுதவில்லை, கவனித்தீர்களா? காலையில் இது, மத்தியானம் முதல் கவளம் மீனோ முட்டையோ பருப்போ, சாயங்காலம் சுண்டல், ராத்திரி பனீர் அல்லது பச்சைப்பயறு தோசை என்று போனால் 60 கிராமை எட்டிவிடலாம்.

இதைப் படிக்கும் வேறு யாராவது ஸ்லீவ் ஆபரேஷன் செய்தவராக இருக்கலாம். உங்களுக்கு மடை இருக்கிறது, கண்மாயைத்தான் வாய்க்கால் அகலத்துக்குச் சுருக்கிவிட்டார்கள். டம்பிங் குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. ஜூஸால் எடை ஏறுவது இருவருக்கும் ஒன்றுதான். ஆபரேஷன் ஆகி ஒன்றிரண்டு மாசமே ஆனவர்கள் இந்தப் பக்கத்தை மூடிவிட்டு, ஆஸ்பத்திரியில் கொடுத்த சீட்டில் இருப்பதை மட்டும் செய்யுங்கள். எது குடித்தாலும் இரண்டு, மூன்று நாளாக வாந்தி நிற்கவில்லை என்றால் சாறு மாற்றிப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள். பி1 விட்டமின் தீர்ந்துபோய் நரம்பையும் மூளையையும் பிடிக்கும். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கடைசிக் கேள்விக்கு நான் சிரிக்கவில்லை. சுண்டக் காய்ச்சிய பால், நன்னாரி சர்பத், ஐஸ்கிரீம், பாதாம் பிசின். உங்கள் குடலுக்கு இதைவிடப் பெரிய சோதனையைத் தேடினாலும் கிடைக்காது. ஆனாலும் மதுரை மண்ணில் இருப்பவரிடம் 'இனிமேல் கிடையாது' என்று எழுத எனக்குக் கை வரவில்லை. நடுக்கம் முழுசாக நின்று, டாக்டரும் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு, ஒரு நாள் மீனோ கறியோ நன்றாகச் சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்துப் போங்கள். ஒரு கிளாஸை வீட்டுக்காரர் பேரில் வாங்குங்கள். அவர் குடிக்கட்டும், நீங்கள் மேலே இருந்து மூன்று ஸ்பூன். அதற்கப்புறம் இரண்டு மணி நேரம் பஸ் ஏறாமல், மெஷினைப் பையில் வைத்துக்கொண்டு ஊருக்குள்ளேயே இருங்கள்.